கணக்கப்பிள்ளைக்கு யார் அழுவது

எபிரேய மொழி படித்து நான் கண்ட பலன் என்ன என்று கேட்பவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதற்காக வெளியே போக வேண்டியதில்லை. ஹாலிஎலவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவ சமயம் படிப்பிக்கிறேன். கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, போன் வழியாக எபிரேயம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். மற்றவர்கள் அந்த நேரத்தில் கேக் செய்யப் பழகினார்கள். எங்கள் வீட்டில் மா இல்லை.

வகுப்பு முடியும்போது ஒவ்வொருவரும் வேதத்தில் ஒரு பகுதியை எடுத்து, அதிலுள்ள சொற்களுக்குப் பொருள் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எடுத்தது போரில் விழுந்தவர்களுக்காகப் பாடிய ஒரு புலம்பல். ஒரு ராஜாவும் அவருடைய மகனும் ஒரே போரில் ஒரே மலையில் விழுந்து சாகிறார்கள். அவர்களுக்காகப் புலம்புகிறவன், அந்த ராஜா வருஷக்கணக்காகத் துரத்தித் துரத்திக் கொல்லப் பார்த்த ஆள். ராஜாவின் மகனோ இவனுடைய உயிர்ச் சிநேகிதன். மற்றவர்கள் பெரிய பெரிய அதிகாரங்களை எடுத்தார்கள். இது சின்னது, ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் என்று எடுத்தேன். பக்தியால் எடுத்தேன் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

முதல் சொல்லே தகராறு. தமிழ் வேதத்தில் அலங்காரம் என்று போட்டிருக்கிறார்கள். எபிரேயத்தில் அழகுக்கும் பெருமைக்கும் உள்ள அந்தச் சொல், மலைமேல் நிற்கும் மான் வகைப் பிராணி ஒன்றுக்கும் பெயர். எங்கள் பக்கத்து மலையிலும் மரை நிற்கும். இறங்கி வந்து மரக்கறிப் பாத்தியில் கோவாவையும் போஞ்சியையும் தின்றுவிட்டுப் போகும். அதை யாரும் அலங்காரம் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அடுத்த சொல் மேடுகள். வகுப்பு ஆசிரியர் அந்தச் சொல்லில் கவிதை இருக்கிறது என்றார். மலைத்தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையில், லயத்தில், பிறந்தவனுக்கு அது விலாசம். கொலையுண்டவர் என்று வருகிற சொல்லின் வேர், துளைத்தல். அம்போ ஈட்டியோ துளைத்துச் செத்தவன். பலவான்கள் என்று வருகிற சொல்லுக்கு வீரன் என்றும் பொருள், வெறும் பலசாலி என்றும் பொருள். விழுந்தார்கள் என்பதற்கு விழுந்தார்கள் என்றுதான் பொருள். அதில் எனக்கு நிம்மதி.

இன்னொரு சொல், ‘எய்க்’. எப்படி என்று அர்த்தம். பலவான்கள் எப்படி விழுந்தார்கள் என்று பாடுகிறவன் மறுபடி மறுபடி சொல்கிறான். அது கேள்வி இல்லை என்று எனக்கு உடனே விளங்கியது. சாவு வீட்டுக்குள் வருகிற பெண் வாசலிலேயே ‘எப்புடிப் போனீங்க’ என்று ஆரம்பித்தால், உள்ளே இருக்கிற யாரும் ‘லாரியில’ என்று பதில் சொல்வதில்லை. அந்த ‘எப்படி’தான் இந்த ‘எப்படி’யும். இதை எழுதிக் கொடுத்தபோது ஆசிரியர் நல்ல மதிப்பெண் போட்டார்.

இதையெல்லாம் நான் முதலில் சொன்னது என் சிநேகிதனிடம். நான் பிறந்த தேயிலைத் தோட்டம் பசறைக்கு மேலே. அங்கே கொழுந்தெடுப்பவர்களை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன் அவன். பசறையில் போன் திருத்துகிற சின்னக் கடை வைத்திருந்தான். என் போனில் எபிரேய எழுத்து விழும்படி செய்து கொடுத்தவனே அவன்தான். தோட்டத்துப் பெண்கள் யார் போனைக் கொண்டுபோனாலும், ‘காசு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லித் திருத்திக் கொடுத்துவிடுவான். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

“அந்த ராசா ஏன் மச்சான் இவன கொல்லப் பாத்தாரு?” என்று ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

“பொறாம.”

“எங்கப்பாவுக்கு ஒம்மேல என்ன பொறாம இருந்திருக்கும்? ஒங்கிட்ட ஒண்ணுமே இல்லையே. அப்பவும் மட்டக்கம்ப எறிஞ்சாரே.”

எறிந்தது உண்மை. மட்டக்கம்பு என்பது, தேயிலைச் செடியில் எந்த உயரத்துக்குக் கொழுந்து எடுக்க வேண்டும் என்று பார்க்கச் செடிமேல் வைக்கிற நீளக் கம்பு. லயத்துப் பயலோடு தன் மகன் விளையாடுவது கணக்கப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. நான் அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்றதைப் பார்த்துக் கையிலிருந்த கம்பை வீசினார். வேதத்து ராஜா வீசியது ஈட்டி. இரண்டு பேருக்கும் குறி தப்பியது.

கம்பை நான் மறந்துவிட்டேன். மறக்க முடியாதது வேறு.

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் அரைநாளோடு வேலை நிற்கும். பெண்கள் கூடையை இறக்கிவிட்டு நேரே சாவு வீட்டுக்குப் போவார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எழுதிய சட்டங்களைவிடக் கெட்டி. என் அப்பா செத்த அன்று மலையில் கொழுந்து முற்றிப்போய்க் கிடந்தது. கொழுந்து எடுத்து நிறுவை முடியாமல் ஒருத்தியும் நகரக் கூடாது என்று கணக்கப்பிள்ளை தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கீழே எங்கள் லயத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. குழிக்குள் தண்ணீர் நிறைகிறது, இனியும் காத்திருக்க முடியாது என்று ஆண்கள் தூக்கிவிட்டார்கள். பெண்கள் ஓடி வந்து சேர்ந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது.

ஒப்பாரி ஒருத்தி தனியாகச் சொல்லும் பாட்டு இல்லை. ஒருத்தியை ஒருத்தி தோளோடு கட்டிக்கொண்டு, ஒருத்தி வரியை எடுக்க மற்றவள் அதை வாங்கிப் பாட வேண்டும். எங்கள் தோட்டத்தில் எடுக்கிறவள் எப்போதும் என் அம்மாதான். எந்தச் சாவுக்கும் முதல் குரல் அவளுடையது. தன் புருஷன் சாவில், வாங்க ஆள் இல்லாமல், எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா கணக்கப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலை செய்த காலத்தில் அவர் சொன்னதைச் செய்வாள், பதில் சொல்ல மாட்டாள். அவர் மகனை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்துக் கொடுப்பாள். “ஒங்கப்பன் மூஞ்சி ஒனக்கு வரல. அதுவே பெரிய காரியம், தின்னு” என்பாள். அவன் தின்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எப்போதோ ஓய்வு பெற்றுவிட்ட கணக்கப்பிள்ளை வீட்டுக்குக் கீழே மரக்கறிப் பாத்தியில் நின்றிருக்கிறார். மேலே சவுக்கு மரத்தில் குளவிக்கூடு. காற்று கலைத்ததோ பருந்து கலைத்ததோ, கூடு மொத்தமும் அவர்மேல் இறங்கிவிட்டது. அவரால் ஓட முடியவில்லை. கடைக்குப் புறப்பட்டு நின்ற மகன், கையில் அகப்பட்ட சாக்கை எடுத்துக்கொண்டு ஓடி, அப்பாவைக் கீழே தள்ளிச் சாக்கால் மூடி, அவர்மேல் தானே படுத்துக்கொண்டான். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மத்தியானம் அப்பா போனார். சாயங்காலம் மகன் போனான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. அந்தப் புலம்பலில், சிநேகிதனைப் பற்றிப் பாடும் இடத்தில் ஒரு சொல் வரும். வியாகுலம் என்கிறது தமிழ் வேதம். எபிரேயத்தில் அது, ‘எனக்கு இடுக்கமாக இருக்கிறது’. ஒடுங்கிய வழி, நெருக்குகிற சுவர், அதற்கெல்லாம் அதே சொல்தான். நெஞ்சடைக்குது என்று நம் ஆட்கள் சொல்வது. பதுளை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. என் மச்சான் செத்துப்போனான். எபிரேயம் படித்தவனும் அதை இப்படித்தான் சொல்ல முடிகிறது.

அடக்கத்தன்று காலையில் எங்கள் இரண்டு குடும்பமும் போகிற சபையின் போதகர் போன் பண்ணினார்.

“நீங்கதான் பேசணும். அவனுக்கு நீங்க கூட்டாளி. ஏதோ போர்ப் புலம்பல் எல்லாம் படிச்சீங்களே, அதுல ரெண்டு வார்த்த எடுத்துப் பேசுங்க. சுருக்கமா. நான் மூணு மணி ஜெபத்துக்கு வந்துருவேன்.”

“சரிங்க ஐயா.”

“ஒப்பாரி வேணாம்னு சொல்லி வைங்க.”

போதகருக்கு ஒப்பாரி பிடிக்காது. நம்பிக்கை இல்லாதவர்கள் மாதிரி அழக் கூடாது என்று பல வருஷமாகப் பிரசங்கம் பண்ணி வருகிறார். பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். அவர் வரும் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் தெரிந்து வைத்திருப்பார்கள்.

வீட்டு முற்றத்தில் தறப்பாள் கட்டி, இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மகன் பெட்டி வலப்பக்கம், அப்பா பெட்டி இடப்பக்கம். நடுவில் பாய் போட்டு, கணக்கப்பிள்ளையின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவரை நான் மாமி என்று கூப்பிடுவேன். தோட்டமே திரண்டிருந்தது. இந்துக் கோயில் கமிட்டிக்காரர்கள்கூட வந்து நாற்காலி அடுக்கினார்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து, தலையை அவிழ்த்துவிட்டு, மகன் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அம்மாதான் எடுத்தாள். ஓடித் தப்பியிருக்கலாமே, ஒத்தப் புள்ள நீதானே என்று அவள் எடுத்தபோது நாற்காலியில் இருந்த ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இடப்பக்கம் காலியாக இருந்தது. ஒரு மாலை, ஒரு ஊதுபத்தி, கண்ணாடி போட்ட கணக்கப்பிள்ளை. புதிதாக வந்த பெண்கள் மாமியைக் கட்டிப்பிடிப்பார்கள், பிள்ளையை வாரிக் கொடுத்தாயே என்று அழுவார்கள், அப்படியே வலப்பக்கம் நகர்ந்துவிடுவார்கள். மாமி தனியாக எடுத்ததைத் தவிர, காலையிலிருந்து அவருக்காக ஒரு வரி விழவில்லை. மாமி ஒரு கையை மகன் பெட்டிமேலும் மறு கையைப் புருஷன் பெட்டிமேலும் வைத்திருந்தார்.

என்னைக் கண்டதும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். குரல் போய்விட்டிருந்தது.

“தம்பி, நீங்கதான் பேசப் போறீங்களாம்.”

“ஆமாங்க மாமி.”

“அவனப் பத்திப் பேச நூறு பேரு இருக்காங்க. இவரப் பத்தியும் ஒரு வார்த்த பேசுங்க.”

நான் தலையை ஆட்டினேன்.

“பொய் சொல்லிறாதீங்க. பொய் சொன்னா சிரிப்பானுக. உண்மையா, நல்லதா, ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். அதக் கேட்டாவது ஒருத்தி இவருக்கு அழுவா.”

“நீங்க அழுறீங்களே மாமி.”

“பொண்டாட்டி அழுவுறது கணக்குல சேராது தம்பி. ஊரு அழுவணும். ஊரு அழாம மண்ணுக்குள்ள அனுப்புறது, அனாதப் பொணத்த அனுப்புற மாதிரி.” மாமி இடப்பக்கம் திரும்பவில்லை. “எங்கூட நாப்பது வருசம் இருந்த மனுசன்.”

உண்மையாக, நல்லதாக, ஒன்று. எழுந்து போய் ஆண்கள் பக்கம் விசாரித்தேன். பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை பார்த்த ஒரு பெரியவர் நெடுநேரம் யோசித்தார்.

“கையெழுத்து நல்லாருக்கும்” என்றார்.

“நேரத்துக்கு வந்துருவாரு” என்றார் இன்னொருவர். “ஒரு நாளாச்சும் பிந்தி வந்திருந்தா நாமளும் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம்.”

“கடைசிக் காலத்துல யாரையும் ஏசல.”

“காது கேக்கல. யார ஏசுறதுன்னு தெரியல அவருக்கு.”

மருந்தடிக்கிறவர் மறுபடியும் யோசித்தார். “மழைக்குக் கொட புடிக்க மாட்டாரு. பொம்பளைக நனையும்போது அவரும் நின்னு நனைவாரு. மத்த கணக்கப்பிள்ளைக எல்லாம் மரத்தடிக்குப் போயிருவானுக. இவரு போகமாட்டாரு.”

“கொடைய மறந்திருப்பாரு.”

“எல்லா மழைக்குமா மறப்பாரு?”

பேசுவதற்கு அந்த மழையை எடுத்துக்கொண்டேன். பிறகு அம்மாவைத் தேடிப் போனேன். தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் வந்திருந்தாள்.

“அம்மா, மாமி ஒத்தையா உக்காந்திருக்காங்க. அவருக்கு ஒரு வரி எடுத்தா என்ன? நீ எடுத்தா மத்தவங்க வாங்குவாங்க.”

அம்மா செம்பைக் கீழே வைத்தாள்.

“எங்க வீட்டுச் சாவுக்கு அழ ஆள விடாத மனுசனுக்கு நா அழணுமா? ஏன்டா, ஒனக்கு வெக்கமா இல்ல?”

“செத்துட்டாரும்மா.”

“ஒங்கப்பாவும்தான் செத்தாரு.”

அதோடு முடிந்தது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. நானும் அவரை மன்னித்துவிட்டுப் போய்க் கேட்கவில்லை, மாமியின் கையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் புலம்பலைப் பற்றி யோசித்தேன். அதில் முன்பு நான் கவனிக்காத ஒன்று இருந்தது. ராஜாவுக்காக அழும்படி பாடுகிறவன் பெண்களுக்குக் கட்டளை போடுகிறான்: உங்களுக்குச் சிவப்புத் துணி உடுத்தக் கொடுத்தாரே, பொன் நகை பூட்டினாரே, அவருக்காக அழுங்கள். சிநேகிதனுக்கு வரும்போது யாருக்கும் கட்டளை இல்லை. தானே அழுகிறான், எனக்கு இடுக்கமாயிருக்கிறது என்று. தன்னைக் கொல்லப் பார்த்தவருக்குத் தன்னால் அழ முடியாமல்தான் அந்த வேலையைப் பெண்கள் தலையில் கட்டினானோ என்னவோ. இதை வகுப்பில் எழுதியிருந்தால் மதிப்பெண் குறைந்திருக்கும்.

பெண்களின் சத்தம் கொஞ்சம் அடங்கிய நேரம் பார்த்து எழுந்து பேசினேன்.

மிக மோசமாகப் பேசினேன். ‘எய்க்’ என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், “என்ன பாசை பேசுறாரு?” என்று கேட்டாள். “யூதர் பாசையாம்” என்றாள் அவள். “அவங்களுமா வந்திருக்காங்க?” என்று முதலாமவள் திரும்பிப் பார்த்தாள். பலவான்கள் என்ற சொல்லை விளக்கினேன். அப்பாமேல் படுத்துக் குளவிக்கு முதுகைக் கொடுத்தவனுக்கு அந்தச் சொல்லைத் தாராளமாகச் சொல்லலாம் என்றேன். அதற்கு அழுதார்கள். துளைக்கப்பட்டுச் செத்தவர் என்ற சொல்லைச் சொன்னேன். அதை மட்டும் சொல்லியிருக்க வேண்டாம். மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு ராஜாவுக்கு வந்தேன். மகனைவிட அப்பாவுக்குத்தான் அந்தப் பாட்டில் முதல் இடம் என்றேன். இரண்டு பேரையும் பிரிக்காமல், அன்பானவர்கள், இனிமையானவர்கள் என்று ஒரே மூச்சில் சொல்கிறான் என்றேன். கணக்கப்பிள்ளை இனிமையானவர் என்பதைக் கேட்டதும் பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ராஜா பெண்களுக்குச் சிவப்புத் துணி கொடுத்த கதையைச் சொல்லி, நம் கணக்கப்பிள்ளை துணி கொடுக்கவில்லை, ஆனால் நீங்கள் நனைந்த மழையில் குடை பிடிக்காமல் அவரும் நனைந்தார் என்றேன்.

“அவரு நனைஞ்சா எங்க துணி காஞ்சிருமா?” என்று ஒரு குரல் கேட்டது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்பது மாதிரித்தான் கேட்டது.

அவருக்காக அழுங்கள் என்று அவன் பெண்களுக்குச் சொல்கிறான், என்று சொல்லி நிறுத்தினேன். யாரும் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதுங்கள் என்றால் எழுதுவார்கள். அந்த அதிகாரம் சாவு வீட்டில் செல்லாது. மகனுக்காக அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் மாமி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நீங்க சொல்லிப் பாத்தீங்க, விடுங்க தம்பி என்பது போல ஒரு தலையசைப்பு. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது மாமிக்காக வந்தது. கணக்கப்பிள்ளை கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

அப்போது அம்மா எழுந்தாள். வலப்பக்கத்தில் இருந்து, கால்களை எடுத்து வைக்க வழிகேட்டு, இடப்பக்கம் வந்தாள். பெட்டிக்குள் பார்க்கவில்லை. மாமிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, தோளில் கையைப் போட்டு, எடுத்தாள்.

“கொழுந்து நிறுக்கையில – எங்
கூட்டத்த விடாதவரே
அழுது முடிக்குமுன்னே – என்
ஆளனப் பொதச்சாங்களே
தராசப் புடிச்சிக்கிட்டு – வழி
தடுத்து நின்ன தொரமகனே…”

ஒப்பாரியில் வழக்கு வைக்கலாம். அது எங்கள் பெண்களுக்கு உள்ள உரிமை. உயிரோடு இருந்தவரிடம் கேட்க முடியாததைப் பெட்டிக்குள் இருப்பவரிடம் கேட்கலாம், குறுக்கே பேச யாராலும் முடியாது. மாமியின் முதுகு விறைத்துவிட்டது. தன் புருஷனுக்குக் கடைசியில் ஊர் எடுத்த ஒரே வரி இதுதானா என்று நினைத்திருப்பார். கூட்டம் முழுவதும் மாமியையே பார்த்தது. அம்மா நிறுத்தவில்லை.

“ஒத்தையில நா அழுதேன் – அன்னைக்கு
ஒரு கொரலும் கூட வல்ல
ஒங்க வீட்டுச் சாவுலயும் – இன்னைக்கு
ஒத்தக் கொரல் கேக்குதேன்னு
மறிச்ச வழி தாண்டி வந்தேன் – ஐயா
மண்ணுக்கு வழி அனுப்ப வந்தேன்…”

அங்கே நிறுத்தினாள். வாங்க வேண்டிய இடம். மாமிக்குத்தான் குரல் இல்லையே. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார்.

“ஒத்தையில அழவிட்டாக – மதினி
ஒங்க காலப் புடிக்கிறேனே…”

அப்படியே அம்மாவின் மடியில் சாய்ந்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் இருந்து மன்னிப்பாக ஒரு வார்த்தையை யாரும் எங்களிடம் அதுவரை சொன்னதில்லை. அம்மா அழுதாள். நடிக்கவில்லை, பாட்டும் இல்லை, வெறும் அழுகை.

பிறகு வலப்பக்கத்தில் இருந்து ஒருத்தி நகர்ந்து வந்தாள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்தி வந்ததற்காகப் பிள்ளைத்தாய்ச்சி என்றும் பார்க்காமல் திருப்பி அனுப்பினாரே என்று எடுத்தாள். இன்னொருத்தி வாங்கினாள். மழையில் நனைந்த கதையும் வந்தது: எங்களயும் நனைய வச்சு நீங்களும் நனைஞ்சீங்களே, காய்ச்சல் வந்தப்போ கஞ்சி குடிச்சீங்களா என்று ஒருத்தி கேட்டாள். அழுங்கள் என்று கட்டளை போட்டபோது வராத அழுகை, குறை சொல்லலாம் என்றதும் வந்துவிட்டது. அத்தனை பேருக்கும் அவரிடம் கேட்க ஒன்று இருந்தது. இடப்பக்கத்தில் உட்கார இடமில்லாமல் போனது. கணக்கப்பிள்ளை தன் வாழ்நாளில் இவ்வளவு நேரம் பெண்கள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்டிருக்க மாட்டார்.

போதகர் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். வாசலில் குடையை மடக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்க வந்தவர், மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெபம் பிந்தித்தான் நடந்தது. இரண்டு பெட்டிகளையும் ஒன்றாகத் தூக்கினோம். நான் மகன் பெட்டியின் தலைமாட்டைப் பிடித்தேன். குழிமேட்டுக்குப் போகும் பாதை வழுக்கியது. மண் போட்டபோது என் மச்சானுக்காக அழுதேன், பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட யோசிக்கவில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினேன். தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை, அவள் முன்னே, நான் பின்னே. கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன்.

“அவருக்கு அழ மாட்டேன்னியே அம்மா.”

அவள் திரும்பவில்லை. நடந்துகொண்டேதான் சொன்னாள்.

“அவருக்கா அழுதேன்? அவ எடுத்துட்டு, வாங்க ஆளில்லாம உக்காந்திருந்தா. அது எப்புடி இருக்கும்னு இந்தத் தோட்டத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும்.”